மல்லாட்டைக் குழம்பு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிக்க வாசிக்க, எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுத வேண்டும். பிறகு திண்டிவனம், விழுப்புரம் அலுவலகங்களில் கோப்புகளுக்கு நகல் எடுத்தே ஓய்வு பெற்றேன். அப்படிப்பட்டவன் ஒரு சமையல் குறிப்பில் கோட்டை விட்டேன்.

மனைவி இருந்தபோது, இணையத்தில் பார்த்து வேர்க்கடலைக் குழம்பு வைத்தாள். எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை மருவி வந்த பெயர். "இதை எடுத்து வையுங்க" என்றாள். நான் இணைய முகவரியை மட்டும் கைப்பேசியில் சேமித்தேன். அவள் போன பிறகு ஒருநாள் தொட்டுப் பார்த்தால், அந்தப் பக்கமே இல்லை.

1951-இல் வெளிவந்தது மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. எங்கள் வீட்டுப் பிரதியில் அட்டைதான் கிழிந்திருக்கிறது, குறிப்புகள் அப்படியே இருக்கின்றன.

இப்போது முகவரியோடு குறிப்பு முழுவதையும் கூகுள் டாக்ஸில் ஒட்டிவிடுகிறேன். எழுதியவர் பெயர், தேதி, நாங்கள் மாற்றியது எல்லாம் கீழே. தலைப்பில் வேர்க்கடலை, மல்லாட்டை இரண்டும் போடுவேன். எதைத் தேடினாலும் கிடைக்கும். மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு நகல்.

முதல் குறிப்பு அவள் வைத்த குழம்புதான். "புளி பாதி போதும், மல்லாட்டையை வறுத்துக் கொரகொரப்பா அரைக்கணும்" என்று அவள் சொன்னது மட்டும் நிச்சயம். மற்ற அளவுகளுக்கு இடம் விட்டிருக்கிறேன். மகள் வரும்போதெல்லாம் வைத்துப் பார்க்கிறோம். போன மாதம் மிளகாய் எத்தனை என்பது பிடிபட்டது. ஆறு.