ரப்பர் செயினுக்கு மணிக்கு எவ்வளவு?

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. பல்வலியில் இருந்து வீட்டுக் கடன் வரை என்னிடம்தான் வரும். செராஸ் ஒன்பதாவது கட்டையில் இருக்கும் என் மாமா சென்ற ஆண்டு கேட்டது கொஞ்சம் புதிது. "ஏம்மா, ரப்பர் செயின் வாங்கிப் போடலாமா?"

புல்டோசரின் சக்கரங்களைச் சுற்றி இரும்புச் சங்கிலி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே ரப்பரில் செய்து, தோட்டத்தில் ஓடும் சின்ன நான்கு சக்கர வண்டிகளுக்கும் மாட்டுகிறார்கள். டயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முக்கோண வடிவில் ஒரு டிராக். வண்டியின் பாரம் அகலமாகப் பரவுவதால் சேற்றில் புதையாது.

மாமா முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பந்திங் பக்கம் இருக்கும் குடும்ப நிலத்துக்குத் திரும்பினார். ஐந்து ஏக்கர் செம்பனை. பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களின் குலைகளையும் கூலிக்கு ஏற்றி இறக்குகிறார். மலாயில் தானா காம்புட் என்று சொல்கிறோமே, அந்தச் சதுப்பு மண். மழைக்காலத்தில் டயர் வண்டி வயிறுவரை இறங்கிவிடும். நான்கு டிராக்கும் சேர்த்து ஒரு செட்டுக்கு அவரிடம் சொன்ன விலை 24,000 வெள்ளி. சேமநிதியில் மீதம் இருந்ததில் பெரும்பகுதி அது. மகள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

மாமா கடைக்காரரிடம் விலையைக் கேட்டிருந்தார். எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று கேட்கவில்லை. நான் அதைத்தான் தேடினேன். கட்டுமானத் தளங்களில் ஓடும் சிறிய இயந்திரங்களின் ரப்பர் டிராக்குக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 1,200 முதல் 1,600 மணி நேரம். மாமாவின் வண்டிக்கும் அதையே அளவாக வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 110 மணி. 1,200 மணி என்பது பதினோரு மாதத்தில் முடிந்துவிடும். மாமா மனத்தில் ஐந்து வருஷம் என்று வைத்திருந்தார்!

தேய்ந்த பிறகு மொத்த செட்டையும் மாற்ற வேண்டியதில்லை. ரப்பரை மட்டும் மாற்றலாம். நான்குக்கும் 10,000 வெள்ளி என்றார்கள். அப்படியானால் வண்டி ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 8 வெள்ளிக்கு மேல் ரப்பரிலேயே கரைகிறது. டீசல் தனி, ஆள் கூலி தனி.

அதுவும் மெத்தென்ற மண்ணில் ஓடினால்தான். தார் ரோடும் கற்கள் நிறைந்த செம்மண் ரோடும் ரப்பரை அரம்போல ராவிவிடும். நின்ற இடத்திலேயே வெடுக்கென்று திரும்பினால் இன்னும் மோசம். ரப்பருக்குள் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. கல்லோ, சதுப்புக்குள் புதைந்து கிடக்கும் பழைய மரக்கட்டையோ கிழித்துவிட்டால் அந்த வழியே தண்ணீர் போய்க் கம்பி துருப்பிடிக்கும். சதுப்பு நிலத் தண்ணீர் புளிப்பு வேறு. வெளியே பார்த்தால் டிராக் நன்றாக இருக்கும், ஒருநாள் பட்டென்று அறுந்துபோகும். டீசலும் எண்ணெயும் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்தினால் வெடிக்கும்.

வண்டிக்கும் தண்டனைதான். டிராக் மாட்டினால் வேகம் குறைகிறது, எஞ்சின் அதிகம் உழைக்கிறது, ஸ்டியரிங் கனக்கிறது. அச்சு, பேரிங், பெல்ட் எல்லாம் சீக்கிரம் தேயும். டிராக்குக்குள் உருளும் சிறு சக்கரங்களும் அப்படியே. இவை எதுவும் விலைச்சீட்டில் இருக்காது.

ஒரு விஷயம் படித்தபோது சிரிப்பு வந்தது. ரப்பர் டிராக்கைப் புகழ்பெற வைத்தவர் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் கார்கள் பனியில் ஓடுவதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. பிறகு சித்ரோன் நிறுவனம் அதே முறையில் செய்த வண்டிகள் 1922 டிசம்பரில் கிளம்பி, 1923 ஜனவரியில் சகாராவைக் கடந்து திம்புக்துவை அடைந்தன. பனிக்குப் பிறந்த பொருள் பந்திங் சேற்றில் வந்து நிற்கிறது.

ஆனால் ரப்பர் நமக்கு அந்நியம் இல்லை. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகு நம் பாட்டிமார் கையில் உளியும் வாளியும் ஏறின. என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான். அந்த மரங்களை வெட்டிவிட்டுத்தான் நாட்டின் பல தோட்டங்களில் செம்பனை வந்தது. இப்போது செம்பனைக் குலையைச் சுமக்க ரப்பரை விலைகொடுத்து வாங்குகிறோம். ஒட்டுப்பாலைக்கூட வீணாக்காமல் பொறுக்கிய பாட்டி 24,000 என்று கேட்டிருந்தால் மாமாவை என்ன சொல்லியிருப்பாரோ!

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டயருக்கும் விலை உண்டு. வண்டி புதைந்தால் அன்றைய கூலி போச்சு, இழுக்க வரும் டிராக்டருக்குக் காசு, வெட்டிய குலையும் நேரத்தோடு ஆலைக்குப் போகாமல் தரம் இழக்கும். ஆழமாக விழும் டயர்த் தடம் மரங்களின் வேரையும் அறுக்கும். அந்த நிலத்துக்கு டிராக் சரியான பொருள்தான். குலை எடுக்கும் இடம்வரை மூன்று கிலோமீட்டர் செம்மண் ரோட்டில் அதை ஓட்டுவதுதான் வீண். அங்கே ஆயுள் பாதியாகக் குறைந்தால் மணிக்கு 16 வெள்ளி.

"தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுங்க மாமா. ரோட்டோரம் வந்ததும் உங்க பழைய லோரிக்கு மாத்திடுங்க" என்றேன். "ரெண்டு தடவை ஏத்தி இறக்கணுமே, ஆளுக்கு யாரு குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி. கூலியை ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டு தோட்டக்காரர்கள் விலகிப் போனார்கள். அதில் ஒருவர் நவம்பர் மழையில் டிராக்டர் புதைந்த மறுநாள் திரும்பி வந்தார். மற்றவர் வரவில்லை.

மாமா வாங்கிவிட்டார். சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவுகிறார், டிராக் தளர்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கிறார். அத்தை பழைய பள்ளிக்கூட நோட்டில் மணி மீட்டரின் எண்ணை எழுதி, மணிக்குப் பத்து வெள்ளி வீதம் தனி வங்கிக் கணக்கில் போடுகிறார். போன வாரம் மீட்டர் 430. இதுவரை ஒரு பேரிங் மாற்றியாகிவிட்டது. கணக்கில் 4,000 வெள்ளிக்கு மேல் இருக்கிறது. தீபாவளிக்கு அதில் கொஞ்சம் எடுக்கலாமா என்று மாமா கேட்டிருக்கிறார். அத்தை பதில் சொல்லவில்லையாம். போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாராம்.