கண்மாய்க் கரையில் ஓர் அமானிதம்

இராமநாதபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, தண்ணீரில்லாக் காடு என்ற பழிச்சொல். மற்றொன்று, இராமேசுவரத்துக் கடல். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கள் மாவட்டம் முழுவதும் ஏரிகள் விரவிக் கிடக்கின்றன. நாங்கள் அவற்றைக் கண்மாய் என்போம். வைகை ஆறு நேரே கடலைத் தேடிப் போவதில்லை. வழிநெடுகக் கண்மாய்களுக்கு நீரைக் கொடுத்துக்கொண்டே வந்து, எஞ்சியதை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் இறக்கிவிடுகிறது. அது நிரம்பி வழியும் ஆண்டுகளில்தான் மிச்ச நீர் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலில் சேர்கிறது. ஸதகா கொடுத்துக் கொடுத்தே கைப்பை காலியான பெரியவரைப் போன்றது அந்த ஆறு.

இந்தக் கண்மாய்களையும் கடற்கரையையும் நடந்து பார்த்து, அங்குள்ள ஒலிகளைப் பதிவு செய்து, பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியாக வெளியிடுவது சில ஆண்டுகளாக என் வழக்கம். இதைத் தொடங்கி வைத்தவர் என் உம்மா. முழங்கால் வலியால் வாசற்படி இறங்குவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. கண்மாய்க் கரையில் வளர்ந்தவர் அவர். ஐப்பசி மழை முடிந்த ஒரு நாள், "நீ போனா அந்தச் சத்தத்தயாவது புடிச்சிக்கிட்டு வா வாப்பா" என்றார். கைப்பேசியில் பிடித்து வந்த பத்து நிமிட ஒலியை அன்றே மூன்று முறை கேட்டார். பிறகு அது துபாயிலுள்ள லாத்தாவுக்குப் போயிற்று. மலேசியாவிலுள்ள மாமாவுக்குப் போயிற்று. அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. எங்கள் வட்டாரப் பேச்சுக்கு ஒலிபெருக்கியில் இடமுண்டு என்ற துணிவை, பாம்பனில் மீனவ மக்களுக்காக 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி முன்பே எனக்குத் தந்திருந்தது.

பின்னணி இசை சேர்க்கக் கூடாதா என்று கேட்போர் உண்டு. அதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். என் காரணம் எளியது: கண்மாயில் விடியற்காலையில் இடமே இருப்பதில்லை. நீரில் நிற்கும் கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் உறுமும். இரவெல்லாம் இரை தேடிய வக்காக்கள் கரகரத்த குரலோடு திரும்பும். மஞ்சள்மூக்கு நாரைக்கு வளர்ந்த பிறகு குரலே கிடையாது. ஜோடி சேர்ந்த நாரைகள் கூட்டில் நின்று அலகோடு அலகைத் தட்டும். அந்த ஒலி மூங்கில் கழிகளை மோதவிட்டதுபோல் கேட்கும். குரலெல்லாம் குஞ்சுகளுக்குத்தான். தாய் இரையோடு இறங்கும்போது ஒரு மரம் முழுவதும் கத்தும். வானங்களிலும் பூமியிலும் உள்ளவையும் சிறகு விரித்த பறவைகளும் தத்தம் தொழுகையையும் துதியையும் அறிந்திருப்பதாகக் கூறும் சூரா அந்நூரின் 41ஆம் வசனத்தைச் சிறு வயதிலிருந்தே ஓதி வருகிறேன். அதைச் செவியால் உணர்ந்தது அந்தக் கரையில்தான்.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

சரணாலயம் என்ற பெயர் பெறாத ஒரு சிற்றூர்க் கண்மாய். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தது. நாரைகளும் கூழைக்கடாக்களும் நெருக்கமாகக் கூடு கட்டியிருந்தன. அதைப் பற்றி மனம் நெகிழ்ந்து ஒரு பகுதி வெளியிட்டேன். ஊரின் பெயர், எந்த மடைக்கு அருகே கூடுகள், கரையில் கார் எதுவரை செல்லும் என்பது உட்பட அனைத்தையும் சொன்னேன். பயனுள்ள தகவல் தருவதாகத்தான் எண்ணினேன். என் மற்றப் பகுதிகளை விட அதற்குப் பல மடங்கு கேட்போர் கிடைத்தனர். நஃப்ஸு மகிழ்ந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து அங்கே போனபோது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னைக் குரலாலேயே அடையாளம் கண்டுகொண்டார். "பாய், நீங்கதான் ஊருக்கெல்லாம் சொன்னதா? மூணு நாளா ஒரே வண்டி. பாட்டு, கைதட்டு, ஒரு சின்ன விமானம் வேற பறக்க விட்டாக. வந்து பாருங்க" என்று அழைத்துச் சென்றார். மரத்தடி நீரில் இறகு முளைக்காத குஞ்சுகள் மிதந்தன. முட்டையோடுகள் கரையோரம் ஒதுங்கியிருந்தன. தாய்ப்பறவைகள் அஞ்சி எழுந்து வட்டமடித்த நேரத்தில் காகங்களும் பருந்துகளும் கூடுகளில் இறங்கிவிட்டன என்றார் அவர். எஞ்சியவற்றை வெயில் பார்த்துக்கொண்டது. நாரைக் குஞ்சுக்குத் தாயின் விரித்த சிறகுதான் குடை. அது விலகினால் உச்சி வெயிலைக் குஞ்சு நெடுநேரம் தாங்காது.

அவர் என்னை ஏசவில்லை. "நாங்க வெடிகூட வெடிக்கிறதில்ல" என்று மட்டும் சொன்னார். அண்டை மாவட்டமான சிவகங்கையில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிப் பட்டாசைக் கைவிட்டதைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. எவரும் எழுதாமலேயே அதைச் செய்யும் ஊர்களும் இருக்கின்றன.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும், அபூதாவூதில் பதிவான ஒரு நபிமொழி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பயணம் ஒன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதை வருத்தியவர் யார் என்று வினவி, அவற்றைத் தாயிடமே திருப்பித் தரும்படி பணித்தார்கள். தோழர்களால் திருப்பித் தர முடிந்தது. என்னால் முடியாது.

அந்தப் பகுதியை நீக்கினேன். பலர் அதற்குள் இறக்கி வைத்திருந்தார்கள். வில்லிலிருந்து சென்ற அம்புதான். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் வாங்கித் தந்தார்கள். அது ஏச்சை விடக் கனமாக இருந்தது. கரையில் வண்டி ஏறாதபடி அவர்கள் ஏற்கெனவே வேலிக்கருவை முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்தச் சிறு ஊருக்குத் தெரிந்த அமானிதத்தின் பொருள், அச்சொல்லைப் பள்ளியில் நூறு முறை கேட்ட எனக்குத் தெரியாமற்போயிற்று.

குடும்பத்தோடு பறவை பார்க்க எங்கே போகலாம் என்று இன்றும் கேட்கிறார்கள். ஊரறிந்த சரணாலயங்களை மட்டும் சொல்கிறேன். முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் இருக்கின்றன. இரண்டும் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் அப்பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டை இராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது. தனுஷ்கோடியில் குளிர்காலப் பூநாரைகள் இறங்கும் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பும் 2025 ஜூன் மாதத்தில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கார்த்திகை முதல் மாசி வரை செல்லலாம். மழை பொய்த்த ஆண்டாயின் கண்மாய்களில் ஏமாற்றமே கிட்டும். மரத்தடியில் நீர் நின்றால்தான் நரியும் பூனையும் அண்டாது. நீரில்லாத மரத்தில் பறவை கூடு கட்டாது. ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். இராமேசுவரத்துக் கடற்கரைக்கு ஐந்தாம் வகுப்பு மாணவர்களை அழைத்துப் போய், பறவை பறக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தார் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். அந்த மாணவர்களுள் ஒருவர், படகுக்காரரும் பள்ளிவாசல் இமாமுமான ஜைனுலாபிதீனின் மகன் அப்துல் கலாம்.

காவல் இல்லாத கண்மாய்களின் பெயரை இப்போது நான் சொல்வதில்லை. அது போதும் என்றே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஒரு பதிவை வெளியிடும் முன் உம்மாவிடம் கேட்கக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், சுப்ஹு பாங்கு தொலைவில் ஒலித்ததும் சிரித்தார்.

"இது அந்த மேலத்தெருப் பள்ளி மோதினார் குரல்லவா? அப்ப நீ நின்னது தெக்குக் கரையில."

கரையைக்கூடச் சரியாகச் சொல்லிவிட்டார். உம்மாவுக்குத் தெரிந்தது அவ்வூரில் பிறந்து வெளிநாடு போன எவருக்கும் தெரியும். அந்தப் பதிவிலிருந்து பாங்கை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பறவைகள் எழும் நேரத்தில், நீரின் மேல் தவழ்ந்து வரும் பாங்கொலியைப் போல அழகானது எதுவும் என் பதிவுகளில் இல்லை. அதைக் கத்தரிக்கக் கை வரவே இல்லை. உம்மாதான், "இனிமே பாங்கு சொல்லி முடிஞ்சப்புறம் மிஷின போடு வாப்பா, பாங்குக்குப் பதில் சொல்லவும் ஒனக்கு நேரம் கெடைக்கும்" என்றார்.

இப்போதெல்லாம் இருட்டோடு போய்க் கரையில் அமர்ந்துகொள்கிறேன். பதிவுக் கருவி பையில் கிடக்கும். பாங்கு ஒலிக்கும், பதில் சொல்வேன், கரையிலேயே துண்டை விரித்துத் தொழுவேன். அதற்குள் முதல் நாரைகள் எழுந்து போயிருக்கும்.