பூவில் டீ போடுவதற்கு முன்

"இயற்கைதானே, என்ன ஆகிவிடப் போகிறது?" பூ டீ குடிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் பதில் இது. அரளிப்பூவும் இயற்கைதான்!

2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் கோயில் நிவேதனத்தில் அரளிப்பூவைச் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தன. அரளியை வாயில் போட்டு மென்ற ஓர் இளம்பெண் இறந்துபோனதாகச் செய்தி வந்த பிறகு எடுத்த முடிவு அது. அரளியில் உள்ள ஒலியாண்டிரின் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

ஆகவே முதல் கேள்வி, இது என்ன பூ? ஆவாரம்பூவும் மஞ்சள், பொன்னரளியும் மஞ்சள். செடியில் பார்த்தால் குழப்பமே இல்லை. ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழ்களும் தனித்தனியாக விரிந்திருக்கும். பொன்னரளி புனல் மாதிரி இருக்கும், கிளையைக் கிள்ளினால் பால் வடியும். ஆனால் காய்ந்து நொறுங்கி பாக்கெட்டில் வந்துவிட்டால் யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? அதனால் முழுப்பூவாக வாங்குவதே நல்லது. தூள் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, எங்கே விளைந்தது? இதைத்தான் பலரும் கேட்பதில்லை. கத்தரிக்காய்க்கு மருந்து அடித்தால், இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மாலைக்கு வளர்க்கும் ரோஜாவை யாரும் தின்னப் போவதில்லை என்பதால் அந்தக் கணக்கை அங்கே எதிர்பார்க்க முடியாது. செடிக்குள் ஊடுருவும் வகை மருந்தாக இருந்தால் கழுவினாலும் முழுதாகப் போகாது. பூக்கடை ரோஜா தலைக்கும் சாமிக்கும் சரி, டம்ளருக்குச் சரிவராது. சாலையோர ஆவாரம்பூவில் வண்டிப் புகையும் தூசியும் படிந்திருக்கும்.

மூன்றாவது, எப்படிக் காய்ந்தது? இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நன்றாகக் காய்ந்த இதழ் விரலில் நொறுங்கும். தோல் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பூசண வாடை வந்தால் அப்படியே குப்பையில் போடுங்கள். சில பூஞ்சை நஞ்சுகள் கொதிநீருக்கும் அசையாது. காய்ந்த பூ பளபளவென்று புதுப்பூ நிறத்தில் இருந்து, மூக்கைக் குத்தும் நெடியும் அடித்தால் கந்தகப் புகை போட்டிருக்கலாம்.

சங்குப்பூவுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. நீல டீயில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாற வேண்டும். மாறவே இல்லையென்றால் சாயத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் பூச்சிமருந்தை எலுமிச்சை காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வகம்தான் வழி.

பூ நல்லதாக இருந்தாலும் எல்லோருக்கும் ஆகாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆவாரம்பூ டீயையும், கர்ப்பிணிகள் செம்பருத்தி டீயையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பெயரும் ஊரும் தெரியாத பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணுக்கு மட்டும் போதும். வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் நாலு செம்பருத்தி பூத்தால் அதுவே நல்ல டீ.