அதிரசமும் அரிசாவும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவானுக்குப் போனால், காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் முதல் கவலை. ராஜமாரியம்மன் கோயில் பக்கம் வந்துவிட்டால் கூடாரங்கள் தெரியும். சிவப்பு மூடி போட்ட போத்தல்களில் முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை. அதிரசம் மட்டும் போத்தலுக்குள் இருக்காது. ஓரமாக ஒரு தட்டில் அடுக்கியிருப்பார்கள். அதுவும் எல்லாக் கடையிலும் இல்லை.

சென்ற ஆண்டு அப்படி ஒரு தட்டின் முன்னால் நின்றிருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர்; பாசிர் கூடாங்கில் வேலை, ஊர் ஒடிசா. தட்டைப் பார்த்ததும் "அரிசா!" என்றார். கடைக்கார அக்கா அசரவே இல்லை. "ஆமா தம்பி, அரிசிதான். அரிசியும் வெல்லமும்."

ஒடியர்களின் அரிசா பிட்டா நம் அதிரசத்தின் உடன்பிறப்பு. அதே பச்சரிசி மாவு, அதே வெல்லப்பாகு, மேலே கொஞ்சம் எள். மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் அங்கே பெண்கள் வாசலில் அரிசி மாவால் லட்சுமியின் பாதங்களை வரைந்து, பிட்டா வகைகளைச் சுட்டுப் படைப்பார்கள். பூரி ஜெகந்நாதருக்கும் அரிசா உண்டு. ஆந்திராவில் இது அரிசெலு. இங்கே மலாய்க்காரர்கள் அரிசி மாவையும் சீனிப்பாகையும் சேர்த்து, ஓட்டை போட்டுப் பொரிக்கும் பெனெராமும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். ரசகுல்லா யாருடையது என்று வங்காளமும் ஒடிசாவும் மல்லுக்கட்டி, 2017இல் ஒருவரும் 2019இல் மற்றவரும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். அதிரசத்துக்கு அப்படி யாரும் உரிமை கொண்டாட முடியாது. கொண்டாடுவதற்கு முதலில் பாகு எடுக்கத் தெரிய வேண்டுமே!

அங்கேதான் எனக்குச் சிக்கல். அம்மா குளுவாங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று கணக்குச் சொல்வார். அதற்குமேல் எல்லாமே கைக்கணக்கு. ஊறவைத்த அரிசியைத் துணியில் பரப்பி, ஈரம் முழுதாகப் போவதற்குள் இடிக்க வேண்டும். தீபாவளி சமயத்தில் ஜொகூரில் மாலையானால் மழை. காற்றே ஈரமாக இருக்கும்போது அரிசியின் ஈரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பார், அவ்வளவுதான். பாகு முற்றினால் அதிரசம் கல். இளகினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும்.

"சத்தம் மாறுது, கேட்டியா?" என்பார், பாகு கொதிக்கும்போது. எனக்கு ஒன்றும் கேட்காது. வானொலியில் பத்து வருடமாகச் சத்தத்தை வைத்தே பிழைக்கிறவள் நான்! ஒருமுறை கைப்பேசியில் பதிவுசெய்து ஹெட்போன் போட்டுக் கேட்டேன். முதலில் சலசலவென்று வேகமாக வெடிக்கும் குமிழிகள், ஒரு கட்டத்தில் கனத்து, மெதுவாக வெடித்தன. அம்மா அடுப்பை அணைத்தது சரியாக அந்த இடத்தில்.

இரண்டு ஆண்டுகளாக அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. பாகில் மாவைக் கொட்டிக் கிளற முடிவதில்லை. தங்கை தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவுதான் திரும்புகிறாள். அதனால் கரண்டி என் கைக்கு வந்தது. முதல் தடவை நான் போட்டது வாணலியில் தூள்தூளானது. அம்மா அதை வடித்தெடுத்து, தேங்காய்ப்பூ தூவி, "புட்டு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட்டார். மறுநாள்தான் நான் கடைத்தெருவுக்குப் போய் அந்தத் தட்டின் முன்னால் நின்றேன்.

ஒடிசா இளைஞர் பத்து அதிரசம் வாங்கினார். அங்கேயே அம்மாவை வீடியோவில் அழைத்து, ஒன்றைப் பிட்டுக் காட்டினார். அந்தப் பக்கமிருந்து ஏதோ கண்டிப்பான குரல். "எள் எங்கே என்று கேட்கிறார்" என்று எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் மொழிபெயர்த்ததும் அக்கா சிரித்தார். "எள்ளு போட்டா விலை கூடும்னு சொல்லு தம்பி."

எங்கள் வீட்டிலும் எள் போடுவதில்லை. இந்த வருடம் ஐம்பது கிராம் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.