பறக்கிறவனுக்கு ஒரு பத்திரம்

வசாவிளானில் இருந்த எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் நின்றால், பலாலியில் இறங்கும் விமானத்தின் வயிறு தெரியும். 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து இங்கு வந்து சென்னைக்குப் போனதைத் தாம் பார்த்ததாக ஐயா பெருமையோடு சொல்வார். பின்னாளில் அவர் ஆயுட்காப்புறுதி முகவரானார். விமானத்தை அண்ணாந்து வியந்த அதே வாயால், “பறக்கிறவனுக்குப் பத்திரம் எழுதுவது சில்லெடுப்பு” என்றுஞ் சொல்வார்.

சென்ற மாதம் கனடாவிலிருந்து என் மகன் பேசினான். சிறுவிமானம் ஓட்டப் பழகுகிறானாம். பிழைப்புக்காக அன்று, ஆசைக்காக. ஆயுட்காப்புறுதி விண்ணப்பத்தில், கட்டணஞ் செலுத்தும் பயணியாக அன்றி வேறு விதமாகப் பறப்பதுண்டோ என்றொரு கேள்வி.

“இன்னும் லைசென்ஸ் எடுக்கேல்லைத்தானே அப்பா, இல்லையெண்டு போடட்டோ? அவவுக்கும் நான் இன்னும் சொல்லேல்லை.”

எனக்குத் திக்கென்றது. விமானம் என்றாலே 1998 செப்டெம்பர் 29ஆந் திகதிதான் என் நினைவுக்கு வரும். அன்று பலாலியிலிருந்து 55 பேருடன் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலோடு போயிற்று. மகனுக்கோ பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், வீட்டுக்கடன் வேறு.

அன்றிரவு நித்திரை வரவில்லை. சயரோகத்தை மறைத்துப் பத்திரம் எடுத்த ஒருவரின் மனைவி, கைக்குழந்தையோடு எங்கள் திண்ணையில் வந்திருந்த காட்சி கண்முன் நின்றது. அவளுக்கு ஒரு சதமும் வரவில்லை. ஐயா தம் மடியிலிருந்து கொடுத்தனுப்பினார். அது அம்மாவுக்குத் தெரியாதென்று அவர் கடைசிவரை நம்பியிருந்தார்.

விடியற்காலையில் மகனை அழைத்தேன். “தம்பி, பழகிறதும் பறப்புத்தான். உள்ளதை எழுது” என்றேன்.

உள்ளதை எழுதினால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று அவன் எண்ணியிருந்தான். அப்படியன்று. எத்தனை மணிநேரம் பறந்திருக்கிறான், ஆண்டுக்கு எவ்வளவு பறப்பான், வேடிக்கைக் கரணங்கள் அடிப்பானா என்றெல்லாம் கேட்பார்கள். அதன்பின் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, காப்புத்தொகையின் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூடுதற் கட்டணம். மற்றது, விமானம் ஓட்டுகையில் இறந்தாற் பணமில்லை என்ற விலக்கு வாசகம். பிந்தியதிற் செலவு குறைவு. ஆனால் எந்த நாளை எண்ணி அஞ்சுகிறோமோ, அந்த நாளுக்கு அது உதவாது. விமானத்துக்கென்று எடுக்கும் காப்புறுதியும் வேறு. அதை நம்பி ஓட்டுகிறவன் தன் குடும்பத்தை மறந்துவிடலாகாது.

அனுபவம் ஏற ஏறக் கூடுதற் கட்டணத்தைக் குறைக்கும்படி கேட்கவும் இடமுண்டு. இதை நான் சொன்னபோது, “அப்பப்பா சொன்னவரோ?” என்று கேட்டான். ஐயாவின் காலத்தில் அப்படிக் கேட்க எங்களூரில் யார் விமானம் ஓட்டினார்கள்!

நேற்று மீண்டும் பேசினான். “ஆம்” என்றே எழுதிக் கூடுதற் கட்டணத்துக்கு உடன்பட்டுவிட்டானாம். மருமகளுக்குஞ் சொல்லியாயிற்று. கட்டணத்தைத் தாங்கலாமாம், அவள் இரண்டு நாளாக முகங்கொடுத்துப் பேசாததுதான் பெரும்பாடாக இருக்கிறதாம்.