செத்த தண்ணீரின் ஊர்

அன்புள்ள கயல்,

மோன்பெலியே போன முதல் மாதமே ஏக்-மோர்த் கோட்டையைப் பார்த்துவிட்டு, "கடலே கண்ணில் படாத ஊருக்குத் துறைமுகம் எதற்கு மாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

அந்தப் பெயருக்கே செத்த தண்ணீர் என்றுதான் பொருள். சதுப்பும் உப்பங்கழியுமாகக் கிடந்த நிலம் அது. 13ஆம் நூற்றாண்டில் மார்சேய் பிரெஞ்சு மன்னர் கையில் இல்லை. மத்தியதரைக் கடலில் தமக்கென்று ஒரு துறை வேண்டுமென்று ஒன்பதாம் லூயி இந்த நிலத்தை ஒரு மடத்துத் துறவிகளிடம் வாங்கினார். கொசுக்காட்டில் யார் குடியேறுவார்கள்? 1246இல் வரிச்சலுகை எழுதிக் கொடுத்தார். 1248இலும் 1270இலும் சிலுவைப் போருக்கு இங்கிருந்தே கப்பலேறினார்; இரண்டாம் முறை போனவர் துனிசிலேயே இறந்தார். நீ பார்த்த மதில் அவருடைய மகனும் பேரனும் கட்டியது. அன்றும் கடல் மதிலைத் தொடவில்லை. கழிகளும் கால்வாய்களுமே வழி. அவை தூர்ந்தன. 1481இல் மார்சேயும் பிரான்ஸோடு சேர்ந்தது. துறைமுகம் அத்தோடு படுத்துவிட்டது.

கோட்டையில் உள்ள கோன்ஸ்தான்ஸ் கோபுரம் பின்னர் சிறையானது. புராட்டஸ்டண்ட் மதத்தை விடாத மாரி துராந்த் 1730இல் உள்ளே போனாள், 19 வயதில். வெளியே வந்தது 1768இல். "எதிர்த்து நில்" என்று அங்கே கல்லில் கீறியிருக்கும் சொல்லை அவள் கைவேலை என்கிறார்கள்.

ஊருக்குச் சோறு போட்டது உப்பு. அந்த உப்பளத்தில்தான் 1893 ஆகஸ்டில் ஒரு கொடுமை நடந்தது. வேலை அருகிய காலம். உப்பு வாரும் கூலிக்குப் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் போட்டி. 16ஆம் தேதி கைகலப்பு. உள்ளூர்க்காரர்களை இத்தாலியர் கொன்றுவிட்டார்கள் என்று புரளி கிளம்பியது. மறுநாள் கும்பல் இத்தாலியரைத் துரத்தித் துரத்தி அடித்தது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 8 பேர். வழக்கு அங்கூலேமில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை. பிழைக்கப் போன கூலிகளுக்கு நேர்ந்த இதைச் சொல்லாமல் அந்த ஊரின் வரலாற்றைச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

இன்றும் அங்கே உப்பு விளைகிறது. உப்பை விரும்பும் ஒரு நுண்பாசியால் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாகிறது. பூநாரைகளின் நிறமும் அதே பாசி தருவதுதான், அதைத் தின்னும் பொடி இறால் வழியாக. அக்டோபர் திருவிழாவில் மதிலோரம் குடும்பம் குடும்பமாக மரப்பரண் கட்டிக் காளை விளையாட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஒருமுறை போய் வா. அன்று மதில்மேல் ஏறித் தெற்கே பார். அந்த எட்டுப் பேரும் வேலை செய்த உப்பளம் அதுதான்.

அன்புடன்,
மாமா