எக்கோவைக் கூட்டுங்கோ

பளையில் ஒலிபெருக்கி கட்டுகிறவர் முதலில் பார்ப்பது காற்றை. ஆனையிறவு தாண்டி ஏ9 வீதியில் வடக்கே வந்தால் தென்னை, பனை, மணல். ஒரு பக்கம் கிளாலிக் கடல்நீரேரி, மறுபக்கம் வெற்றிலைக்கேணிக் கடல். மறிக்க மலை இல்லை, மாடிக் கட்டடங்களும் குறைவு. புலோப்பளையில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்மேற்கே திருப்பிய குழாயின் சத்தம் கொஞ்சத் தூரத்திலேயே மேலே எழும்பிப் போய்விடும். வடகிழக்கே திருப்பினால் கேட்க விருப்பமில்லாதவர் வீட்டுக்குள்ளும் நுழையும்.

"இண்டைக்குக் காத்துப் பலம். றோட்டுப் பக்கக் குழாயைப் பதிச்சுக் கட்டு" என்று தென்னையில் நின்ற பையனுக்குக் கீழிருந்து சொல்லிக்கொண்டிருந்தார் முதலாளி. முதலாளி என்று எழுதுவது மரியாதைக்காக. வயர் சுற்றுவது, லான்ட்மாஸ்ரரில் பெட்டி ஏற்றுவது, பொலிஸில் ஒலிபெருக்கி அனுமதிக்கு நிற்பது எல்லாம் அவரேதான். போரில் இடம்பெயர்ந்தபோது சாமான்களை விட்டுவிட்டு ஓடியவர். மீள்குடியேறி வந்து ஓர் அம்பிளிபயரோடும் இரண்டு குழாயோடும் திரும்பத் தொடங்கியிருக்கிறார்.

நான் தேடி வந்தது அவருடைய மருமகனை. கிளிநொச்சி அறிவியல்நகரில் படிக்கும் அந்தப் பெடியன், ஒலிக்கான எஃபெக்ட்டுகளைத் தானே எழுதுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிளக்-இன் என்கிற இந்தச் சிறு மென்பொருள்கள் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகி வேலை செய்பவை: குரலுக்கு எக்கோ போடும், சுருதியைத் திருத்தும், இரைச்சலைக் கழிக்கும்.

அவனுடைய கணக்கு விளங்குவதற்கு மாமாவின் கையைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். மண்டபத்தில் சுவரும் கூரையும் குரலைத் திருப்பித் தரும். மணலும் ஓலையும் வாங்கியதைத் தராது. பாடுகிறவருக்குத் தன் குரலே வறண்டு கேட்கும். அதனால் மைக்கைப் பிடித்ததும் எவரும் சொல்லும் முதல் வசனம், "எக்கோவைக் கூட்டுங்கோ." அன்று கோயில் மேடையில் வில்லுப்பாட்டுக்காரர் சொன்னார். மாமா மிக்சரில் குனிந்து குமிழைத் தொட்டார், திருகவில்லை. நிமிர்ந்து தலையாட்டினார். "ஆ, இப்ப சரி" என்றார் பாட்டுக்காரர்.

"கூட்டினால் ஒரு சொல்லும் விளங்காது. குழாய் தடிச்ச சத்தத்தை விட்டுட்டு நடுச் சத்தத்தைத்தான் தள்ளும். தவிலின்ரை தொப்பிப் பக்கம் பாதி செத்துப்போகும். அதுக்கு மேலை எக்கோவும் எண்டால் சனம் எழும்பிப் போயிடும்" என்றார் என்னிடம்.

அவர் தொடாமல் விட்ட அந்தக் குமிழுக்குள் நீண்ட சரித்திரம் இருக்கிறது. மண்டபத்தின் எதிரொலியை எண்களால் உண்டாக்கலாம் என்று 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் காட்டினார். 30 முதல் 45 மில்லிசெக்கன் வரை வெவ்வேறு நீளமுள்ள நான்கு தாமத வளையங்களைப் பக்கம்பக்கமாக ஓடவிட்டு, வருவதை மேலும் இரண்டு வடிகட்டிகளால் குழப்பிவிடுவது அவர் வழி. இன்று விற்கும் எத்தனையோ எதிரொலிப் பிளக்-இன்களின் மூதாதை அது. நம் பக்கத்திலும் ஓர் உறவுக்காரர் இருக்கிறார்: பெங்களூரில் புல்லாங்குழல் வாசிக்கும் பொறியியலாளர் ராஜ் நாராயண், எழுபதுகளின் இறுதியில் றாடெல் மின்னணுச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தார். ஒத்து ஊதுகிறவரின் இடத்தில் பல நாதஸ்வரக் குழுக்களில் இன்று இருப்பது இப்படியொரு பெட்டிதான். பிழைப்பை இழந்த ஒத்துக்காரருக்கு அதில் மகிழ்ச்சி இருந்திருக்காது.

மேடைக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரையில் லப்டொப்பை வைத்து, பெடியன் எனக்குக் காட்டினான். றீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் எஃபெக்ட்டுகளில் பல, திறந்து வாசிக்கக்கூடிய எழுத்தாகவே கிடக்கின்றன. ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் உடனே சத்தம் மாறும். அவனுக்கு ஆசான் அதுவே. "குரல் செக்கனுக்கு 48,000 எண்ணா வருது. அதை வரிசையா எழுதிக்கொண்டு போறன். 14,400 இடம் பின்னாலை கிடக்கிற பழைய எண்ணை எடுத்துப் பாதியாக்கிப் புதுசோடை கூட்டினால் 0.3 செக்கன் எக்கோ. கூட்டினதையே திரும்ப வரிசையிலை எழுதினால் அது வந்து வந்து தேயும்." பாதிக்குப் பதில் ஒன்று என்று மாற்றினான், எக்கோ தேயாமல் சுற்றியது. ஒன்றுக்கு மேலே கொஞ்சம் ஏற்றியதும் ஊளை கிளம்பியது. மிக்சரடியில் இருந்து மாமாவின் ஏச்சும் கிளம்பியது.

ஆனால் அவன் எழுதியவற்றில் மெச்சத்தக்கது எக்கோ இல்லை, எக்கோவை ஒழிப்பது. கோயிலடியில் பெரிய பொக்ஸ், வீதியில் 70 மீற்றர் தள்ளிக் குழாய். வயரில் மின்சாரம் உடனே போய்ச் சேரும். காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர்தான் போகும். ஆகவே குழாயடியில் நிற்கிறவருக்கு முதலில் குழாய், 0.2 செக்கன் கழித்துக் கோயில் பொக்ஸ். ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். இவன் குழாய்களைத் தனி அம்பிளிபயருக்கு மாற்றி, அதற்குப் போகும் ஒலியை 200 மில்லிசெக்கன் பிடித்துவைத்து விடுகிறான். அதற்கு மேலும் 15 சேர்க்கிறான். ஏன் என்று கேட்டேன். முதலில் வரும் சத்தத்தின் திசையையே காது நம்பும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து எழுதியதைச் சொன்னான். கோயிலின் சத்தம் ஒரு மயிரிழை முந்தினால் போதும், உரத்துக் கேட்பது குழாயானாலும் பாட்டு கோயிலில் இருந்து வருவதாகத்தான் சனம் உணரும். வீதியில் நடந்துபோய்க் கேட்டுப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. மற்றப் பிளக்-இன்காரர் தாமதத்தைக் குறைக்கப் பாடுபட, இங்கே தாமதந்தான் சரக்கு.

இதை விற்கலாமா? 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் பிளக்-இன்களுக்கு வீஎஸ்ரி என்ற பொது முறையைக் கொண்டுவந்த பிறகு, வீட்டில் இருந்தபடி இந்தத் தொழிலைச் செய்ய வழி பிறந்தது. அடுத்த வருடம் சுருதியைத் திருத்தும் ஓட்டோ-ரியூனைக் கொண்டுவந்த அண்டி ஹில்டெபிரான்ட், அதற்கு முன் எண்ணெய் தேட நில அதிர்வு அலைகளைக் கணக்கிட்டவர். அமெரிக்காவில் ஷோன் கொஸ்ரெல்லோ நடத்தும் வல்ஹல்லா டீஎஸ்பி எதிரொலி விற்றே உலகெங்கும் பெயரெடுத்த சிறிய நிறுவனம். ஒன்றின் விலை 50 டொலர். 2022 தொடக்கத்தில் அது நம் காசில் பத்தாயிரம் ரூபா, ரூபா விழுந்து மே மாதத்தில் பதினெண்ணாயிரம் தாண்டியது. பளையில் வாங்குகிறவருக்கு அது இடி. பளையில் இருந்து விற்கிறவருக்கு அதிர்ஷ்டமாக இருந்திருக்கலாம். ஆனால் வெளிநாட்டுக் காசை வாங்கும் வழி இங்கே இலகுவாக இருந்ததில்லை, பேபால் பல வருடங்களாக இலங்கையருக்குக் கட்ட மட்டும்தான் உதவியது. அப்பிள் கணினிக்குத் தயாரித்தால் அந்த நிறுவனத்துக்கு வருடம் 99 டொலர் கட்ட வேண்டும், ஒன்றும் விற்காவிட்டாலும்.

அவனுடைய லப்டொப்பில் திருட்டுப் பிரதிகளும் இருந்தன. மறைக்கவில்லை. "நாளைக்கு உன்ரையையும் இப்பிடி எடுப்பாங்களே" என்றேன். "எடுக்கட்டும் அண்ணை. குழாய் கட்டுறவனிட்டைக் காசில்லை, மண்டபம் வச்சிருக்கிறவன் தருவான்" என்றான். இந்தக் கணக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஊரில் கோயிலும் கல்யாணமும் நடக்கும் வரைக்கும் முதலில் காசு தரக்கூடியவர்கள் குழாய் கட்டுகிறவர்கள்தான். இந்தக் கருவியின் அருமை தெரிந்தவர்களும் அவர்களே.

இரண்டு பேருக்கு அதை இலவசமாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறான். ஒருவர் குழாய் வரைக்குமான தூரத்தை அடியில் அளந்துவிட்டு மீற்றர் பெட்டிக்குள் போட்டு, பாட்டு முடிந்த பிறகும் குழாய் பாடுகிறது என்று நள்ளிரவில் போன் எடுத்தாராம். அதற்குப் பிறகு அடிக்கும் மீற்றருக்கும் தனிப் பெட்டி வைத்து, 150 மீற்றருக்கு மேல் போட்டால் சிவப்பாகும்படி செய்திருக்கிறான். எழுதுவதற்கு ஒரு கிழமை, திருத்துவதற்கு மூன்று மாதம் என்றான்.

மாமா வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "விக்கிறதெண்டால் வில். ஆனால் திருவிழாக் காலத்திலை போன் அடிச்சால் நீதான் எடுக்கோணும். என்ரை நம்பரைக் குடுத்துப்போடாதை."